எதிர்த்தரப்பு அப்புக்காத்தோடு ஒரு வாழ்க்கை

என் கணவரை நான் முதன்முதலில் பார்த்தது யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில், சாட்சிக் கூண்டுக்குள் நின்றபடி. அவர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. அந்தக் காலத்தில் வழக்குப் பேசுகிறவரை ஊரில் அப்புக்காத்து என்பார்கள். அந்த அப்புக்காத்து என்னிடம் கேட்ட நாலைந்து கேள்விகளில் எங்கள் வீட்டு வேலி போய்விட்டது. பிறகு அவரையே கட்டிக்கொண்டு, ஐம்பது வருடத்துக்கு மேல் அவரை நான் குறுக்கு விசாரணை செய்தேன். ஒரு தடவையாவது வென்றதாக ஞாபகமில்லை.

அவர் போய் ஒரு வருடமாகிறது. சக சட்டத்தரணிகள் நினைவுக் கூட்டம் ஒன்று வைத்தார்கள். அமைதியானவர், பொறுமைசாலி, நல்ல குடும்பத் தலைவர் என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, வேறு யாரோ ஒரு பெரிய மனிதரின் கூட்டத்துக்குத் தவறுதலாக வந்துவிட்டேனோ என்று சந்தேகமாக இருந்தது. பின்னல் பின்னத் தெரிந்தவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் கேக்கைச் சட்டத் தொழிலுக்குப் பயன்படுத்தியவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். "நீங்கள் எழுதினால் அப்பாவைப் பற்றிக் கொஞ்சமும் உங்களைப் பற்றிக் கனக்கவும் வரும்" என்று என் சின்ன மகள் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறாள். வரட்டும்.

என் பிறந்த வீடு அரியாலையில். அப்பா ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் நேரத்துக்கு வராவிட்டாலும் பொறுத்துக்கொள்வார். வேலி ஒரு சாண் தள்ளி அரக்கினால் பொறுக்கமாட்டார். பக்கத்து வளவுக்காரர் வேலி அடைக்கிற சாட்டில் கதியால் தடிகளைப் பிடுங்கி எங்கள் பக்கமாக நட்டுவிட்டார் என்று வழக்குப் போட்டார். அதைக் கண்ணால் கண்ட சாட்சி நான். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலமும் சங்கீதமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்துநாலு. வாயைப் பற்றிக் கேட்க வேண்டாம். சாட்சி சொல்லப் போகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று பயிற்சி எடுத்தேன். நீதவான் என் தமிழைக் கேட்டு வியப்பார் என்றும் நம்பினேன்.

எங்கள் தரப்பு விசாரணை நன்றாகப் போனது. வியாழக்கிழமை பின்னேரம் கதியால் பிடுங்கியதைக் கண்டேன் என்று கணீரென்று சொன்னேன். பிறகு எதிர்த்தரப்பு அப்புக்காத்து எழுந்தார். மெலிந்த, கறுத்த, உயரமான ஓர் இளைஞர். கோட்டுக்குள் அவர் நின்றதைப் பார்த்தால் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு என்றுதான் தோன்றும். என்னை ஒரு விழுங்கு விழுங்கப் போகிறார் என்று நான் தயாராக நின்றால், அவர் நலம் விசாரிப்பதுபோல ஆரம்பித்தார்.

"ரீச்சர் சங்கீதமும் படிப்பிக்கிறீங்களாம்?"

"ஓம்."

"சேர்ச்சிலை பாடகர் குழுவையும் நீங்கள்தான் பழக்கிறதெண்டு கேள்விப்பட்டன்."

"ஓம். மூண்டு வருஷமாய் நான்தான்."

"பெரிய வேலை. பழக்கிற நாளுக்கு எல்லாரும் ஒழுங்காய் வருவினமோ?"

"ஆர் வராட்டிலும் நான் வருவன். காய்ச்சலோடையும் போயிருக்கிறன். ஒரு நாளும் விட்டதில்லை."

"நல்ல பழக்கம். அது எந்த நாள்?"

"வியாழக்கிழமை பின்னேரம்" என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்குக் காது கேட்டது. அப்பா வாங்குப் பலகையில் இருந்தபடி நெற்றியில் அடித்துக்கொண்டார். உண்மையில் நான் கண்டது புதன்கிழமை. வாயில் வந்தது வியாழக்கிழமை. அதைத் திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். "வேறு கேள்வி இல்லை" என்று அப்புக்காத்து அதற்குள் உட்கார்ந்துவிட்டார். உட்காரும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிரித்திருந்தால் அந்த மனிதரை நான் கட்டியிருக்கமாட்டேன்.

வழக்கில் தோற்றோம். நில அளவைப் படமும் எங்களுக்கு வாய்க்கவில்லை என்பது நியாயமான காரணம். ஆனால் அப்பா கடைசிவரை, பாட்டுப் பழக்கத்தால் போன வேலி என்றுதான் ஊருக்குச் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, அதே அப்புக்காத்து சைக்கிளில் எங்கள் வாசல் படலையடியில் வந்து இறங்கினார். மேன்முறையீட்டைப் பற்றிச் சமரசம் பேச வந்திருக்கிறார் என்று அப்பா நினைத்தார். விறாந்தையில் கதிரை போட்டு இருக்கச் சொன்னாரே தவிர, தேநீர் கொண்டுவரச் சொல்லவில்லை. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"ஐயா, நான் வழக்கு விஷயமாய் வரேல்லை."

"பேந்து?"

"உங்கடை மகளைக் கேட்டு வந்தனான்."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "வேலியும் போச்சு. இனிப் பெட்டையையும் தா எண்டு கேக்கிறீரோ?"

"வேலியைக் கட்சிக்காரனுக்காகக் கேட்டனான் ஐயா. இது எனக்காக."

அவர் அச்சுவேலிப் பக்கம். வெங்காயமும் புகையிலையும் போட்டு உயர்ந்த சைவக் குடும்பம். நாங்கள் மூன்று தலைமுறையாக மிஷன் ஆட்கள். இந்த இடத்தில் என் வாயைப் பயன்படுத்தாவிட்டால் வேறெங்கே பயன்படுத்துவது என்று எண்ணி, திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நான் அவரைக் கேள்வி கேட்கலாமா என்று கேட்டேன். கேளுங்கோ என்றார். என்னிடம் ஒரு கூடை கேள்வி இருந்தது.

"நான் சேர்ச்சுக்குப் போவன். அதை விடமாட்டன்."

"விடவேண்டாம். உங்களுக்கு உங்கடை கோயில், எனக்கு என்ரை கோயில். இரண்டும் சைக்கிள் ஓடுற தூரந்தானே."

அந்த ஒரு பதிலில் என் கூடையில் முக்கால்வாசி காலியாகிவிட்டது. மிஞ்சிய ஒன்றைக் கேட்டேன். "யாழ்ப்பாணத்திலை இவ்வளவு பெட்டையள் இருக்க, ஏன் என்னை?"

"கோட்டிலை எத்தினையோ சாட்சியைப் பாத்திட்டன். தன்ரை வழக்கு அழிஞ்சாலும் பரவாயில்லையெண்டு கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொன்ன ஒராளை அண்டைக்குத்தான் கண்டனான்."

இதைவிட அழகாக ஒரு பெண்ணைப் புகழ முடியாது என்று நான் பூரித்துப்போனேன். பல வருடங்கள் இதைச் சொந்தக்காரர், சக ஆசிரியைகள், பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் சின்ன மகள், அப்போது அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும், இடியப்பத்தைப் பிய்த்தபடி சொன்னாள்: "அம்மா, யோசிக்காமல் கதைக்கிற ஆள் எண்டதைத்தான் அப்பா அப்பிடி வடிவாய்ச் சொன்னவர்." நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சொதியில் மிகவும் கவனமாக இருந்தார்.

பதிவுத் திருமணம்தான். அவருடைய தாய் வரவில்லை. ஆனால் மறுவாரமே ஒரு பிடி சின்ன வெங்காயம் வந்து சேர்ந்தது. அதன்பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் வந்தது. வெங்காயத்தின் அளவைப் பார்த்து மாமிக்கு என்மேல் உள்ள கோபத்தின் அளவைக் கணக்கிடப் பழகிக்கொண்டேன். முதல் பிள்ளை பிறந்த வருடம் ஒரு மூட்டையே வந்தது. நான் வெங்காயம் உரித்து அழுத அழுகையைப் பக்கத்து வீட்டார் தப்பாக விளங்கிக்கொண்டு, மாமியார் கொடுமை என்று கதை கட்டிவிட்டார்கள்.

கொழும்புத்துறையில், கடலேரிக்குக் கிட்ட வீடு எடுத்தோம். நான் எதிர்பார்த்தது, ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் சரிக்குச் சரி வாதாடுகிற ஒரு வாழ்க்கை. எனக்குக் கிடைத்தது ஒரு வாய் பேசாத மனிதர். நீதிமன்றத்தில் பேசிப் பேசிக் களைத்துப்போய் வருகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு விசாரித்ததில் அங்கேயும் அவர் அதிகம் பேசுவதில்லை என்று தெரிந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணியோடு தேநீர்க் கடையில் இருந்தே பாதி வழக்கை இணக்கமாக முடித்துவிடுவாராம். இதனால் அவர் தொழில் வளரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு காணி வழக்கு என்பது பிள்ளைகளுக்கு விட்டுப்போகிற சொத்துப்போல. ஒரு கட்சிக்காரர் அடுப்பு எரிகிற குசினிப் பக்கமாக வந்து என்னிடம் முறையிட்டது இன்னும் காதில் நிற்கிறது.

"அம்மா, உங்கடை மனிசன் என்ரை வழக்கை முடிச்சுப் போட்டார்."

"தோத்துப் போனியளோ?"

"இல்லை. இரண்டு பகுதிக்கும் சரியாய்த்தான் முடிச்சவர். ஆனால் நான் இனி என்ன செய்யிறது?"

அன்றைக்கு அந்த மனிதருக்காக நான் என் கணவரிடம் வாதாடினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "நீர் சொல்லுறது சரி" என்று சொல்லிவிட்டு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். வாதத்தில் வென்றவள் நான்தான். ஆனால் எதை வென்றேன் என்று இரவு படுக்கும்வரை விளங்கவில்லை.

எங்களுக்கு இரண்டு பெண்கள், நடுவில் ஒரு பையன். எனக்குப் பள்ளிக்கூடம் தூரம். காலையில் வெள்ளெனச் சைக்கிளை எடுக்கவேண்டும். பெண்களின் தலையை நான் இழுத்து வாரினால் ஊரே கேட்கக் கத்துவார்கள். அதனால் அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். எப்படிப் பழகினார் என்று தெரியவில்லை. அச்சுவேலியில் புகையிலை கட்டிய கை என்று ஒருமுறை சொன்னார். விறாந்தையில் கட்சிக்காரர்கள் வரிசையாக இருப்பார்கள். இவர் ஒரு மகளை முழங்காலுக்கிடையில் இருத்தி, றிபன் முனையைப் பல்லில் கடித்தபடி, காணி, ஆதனப் பங்கீட்டுக்கு ஆலோசனை சொல்வார். பல்லுக்கிடையால் வருகிற சட்டம் சரியாகக் கேட்காமல் கட்சிக்காரர் கிட்ட வந்து குனிவார். அவர் கையில் இவர் றிபனைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்பார். கொலை வழக்கில் பிணையில் வந்த ஒருவர்கூட என் மூத்த மகளின் றிபனைப் பிடித்திருக்கிறார். நான் ஒருநாள் பள்ளி விடுமுறையில் இதைப் பார்த்துவிட்டு, மதிப்புக் கெட்டுப்போகும் என்று சண்டை பிடித்தேன். அடுத்த நாள் நானே பின்னினேன். பிள்ளைகள் அன்று பள்ளிக்கூடத்தில் ஒற்றைக் காது தெரிய, கோணல் தலையோடு நின்றதாகத் தலைமை ஆசிரியை எனக்குச் சொல்லி அனுப்பினார். மதிப்பு கெட்டால் கெடட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிக் கேக்குக்கு வருகிறேன். எனக்குச் சமையல் வராது. ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்கார அம்மா ஒருவர் எங்களுக்குக் கேக் போடப் பழக்கியிருந்தார். அதனால் உலகத்தில் எனக்கு வராத சமையல் எல்லாவற்றுக்கும் சேர்த்து என் கேக் ஈடுசெய்யும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை ஒரு வாலிபர் விவாகரத்துக் கேட்டு வந்தார். கலியாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இவர் அந்த வழக்கை உடனே போடவில்லை. பேச்சுவார்த்தைக்கென்று சனிக்கிழமைகளில் இரண்டு பேரையும் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார். வந்தவர்களை விறாந்தையில் இரண்டு கதிரையில் இருத்திவிட்டு, உள்ளே புத்தகம் பார்ப்பதுபோல மணிக்கணக்காகக் காக்க வைப்பார். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேநீரும் கேக்கும் கொண்டுபோய் வைத்து, இல்லறம் என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் நீளமாகப் புத்தி சொல்வேன். அடுத்த வெள்ளிக்கிழமை இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சாரும், நாளைக்கும் அந்தக் கேக்கைப் போடும்."

கலியாணமான நாள்முதல் அவர் என்னிடம் கேட்டு வாங்கிய ஒரே பலகாரம் அதுதான். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அடுத்த சனியும் போட்டேன். அதற்கடுத்த சனியும் போட்டேன். ஒரு மாதத்துக்குள் அந்தப் பெண்ணும் பையனும் ஒரே சைக்கிளில் வந்து, வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் புத்திமதியால் ஒரு குடும்பம் ஒன்றுசேர்ந்தது என்று சேர்ச்சில் பெண்கள் சங்கக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் சாட்சி பகர்ந்தேன்.

பல வருடம் கழித்து அவர்களுடைய மகளின் கலியாணத்துக்குப் போனோம். சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பெண், இப்போது நரை விழுந்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரீச்சர், உங்கடை கேக்காலைதான் நாங்கள் இண்டைக்கு ஒண்டாயிருக்கிறம்."

"அவ்வளவு பிடிச்சதோ?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் இலையைப் பார்த்தான். பிறகு அவளே சொன்னாள். "குறை நினையாதையுங்கோ. கடிக்கேலாது ரீச்சர். நீங்கள் உள்ளை போன உடனை இவர் ஒரு துண்டை நாய்க்கு எறிஞ்சவர். நாய் மணந்து பாத்திட்டுப் போட்டுது. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. இவருக்கும் வந்திட்டுது. இரண்டு வருஷத்திலை நாங்கள் சேர்ந்து சிரிச்சது அண்டைக்குத்தான். பேந்து ஒவ்வொரு சனியும் அதை எங்கை ஒளிக்கிறதெண்டு இரண்டு பேருமாய் யோசிப்பம். பூச்சாடி மண்ணுக்குள்ளை தாட்டம். கடைசியாய் இவர் பொக்கற்றுக்குள்ளை போட்டுக்கொண்டு போனவர்."

திரும்பி வருகிற வழியில் ஓட்டோவுக்குள் வைத்து நான் அவரைக் கேட்டேன். "உங்களுக்கு அது தெரியுமோ?"

"எது?"

"பூச்சாடி."

"உள்ளை புத்தகம் பாக்கேக்கை யன்னலாலை தெரியும்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் மிகவும் நிம்மதியாக இருந்ததுபோலத் தெரிந்ததால் மூன்றாம் நாள் கதைக்கத் தொடங்கினேன்.

இதற்கு முன்பே சொல்லியிருக்கவேண்டியது, இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணமே எழும்பி மழைக்குள் நடந்த அந்தத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி. மூத்தவள் அதற்கு முதலே வெளிநாடு போய்விட்டாள். நாங்கள் இருவரும் மற்ற இரண்டு பிள்ளைகளும். எங்களிடம் இருந்தது இரண்டு சைக்கிள். அவரிடம் இரண்டு அலுமாரி நிறையச் சட்டப் புத்தகங்கள், சிலது தோல் அட்டை போட்டவை, இனி எங்கும் வாங்கமுடியாதவை. என்னிடம் என் கலியாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகள், தங்கக் கரை வைத்தவை. எதை எடுப்பது என்று யோசிக்க நேரமில்லை. நான் யோசிக்காமல் பீங்கான்களைச் சேலைகளில் சுற்றி, அவருடைய சைக்கிளின் பின் கரியரில் கட்டினேன். அவர் பார்த்தார். கயிறு தளர்வாக இருந்ததை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

நாவற்குழிப் பாலத்தால் சனம் ஒரு சாண், ஒரு சாணாக அரக்கிக்கொண்டு போனது. முன்னால் ஒரு கிழவரை மகன் சைக்கிளில் இருத்தி உருட்டினான். பலர் அரிசியும் சட்டியும் பாயும் கொண்டுவந்தார்கள். நான்தான் அந்தப் பெரும் கூட்டத்தில் விருந்துக்குப் போகிறவள் போலப் பீங்கான் கொண்டுவந்தவள். அரிசிக்கு இடமில்லாமல் போனது எனக்கு மீசாலையில்தான் உறைத்தது. அங்கே நாங்கள் ஒதுங்கிய, என்னோடு படித்த சிநேகிதி வீட்டில் ஏற்கெனவே நாலு குடும்பம் இருந்தது. சட்டி ஒன்று, கரண்டி ஒன்று, தட்டு இல்லை. அடுத்த ஆறு மாதமும் அந்த வீட்டில் எல்லாரும் தங்கக் கரை போட்ட பீங்கானில் உப்புக் கஞ்சி குடித்தோம். கிணற்றடியில் யார் முதலில் அள்ளுவது என்று சண்டை வந்தால் இவர்தான் போய் இணக்கம் செய்துவிட்டு வருவார். ஊரிழந்தும் தொழில் இழக்காத மனிதர்.

திரும்பிவந்து பார்த்தபோது கூரையில் பாதி இல்லை. புத்தகங்கள் மழைக்குள் ஊறி, புற்றெழும்பி, ஒரு கறுத்த மண் குவியலாக இருந்தன. அவர் அதற்குப் பக்கத்தில் குந்தி இருந்து, ஒரு தோல் அட்டையைத் தட்டி எடுத்துப் பார்த்தார், பிறகு வைத்துவிட்டார். என் பீங்கானில் ஒன்றுகூட உடையவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஒன்றிரண்டாவது உடைந்து தொலைத்திருக்கலாம்.

"ஏன் என்னை மறிக்கேல்லை?" என்று அன்றைக்குக் கேட்டேன். கத்திக் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"புத்தகத்துக்கு நான் அழமாட்டன் எண்டு எனக்குத் தெரியும். பீங்கானை விட்டிட்டு வந்தால் நீர் அழுவீர் எண்டும் தெரியும். கொண்டுபோறதுக்கு ஒரு கரியர்தானே இருந்தது."

நான் பீங்கான் கட்டை அவிழ்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். நல்லவேளையாகப் பையன் குறுக்கே வந்து பசிக்குது என்றான்.

பிறகு பிள்ளைகள் படித்தார்கள், கட்டினார்கள், பையனும் வெளிநாடு போனான். சின்னவள் மட்டும் யாழ்ப்பாணத்தில் மருத்துவராக இருக்கிறாள். நாங்கள் கனடாவுக்கு ஒருமுறை போய்ப் பனியைப் பார்த்துவிட்டு, மூத்தவளின் மகளுக்குத் தலை பின்னிவிட்டு (நான் அல்ல), திரும்பிவந்தோம். எண்பதை நெருங்கும்வரை அவர் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் சைக்கிளிலும் பிறகு ஓட்டோவிலும் என்னைச் சேர்ச்சுக்குக் கொண்டுபோய், வெளியே வேப்பமரத்தடியில் பத்திரிகை வாசித்தபடி இருப்பார். உள்ளே நான் பாடுவது வெளியே கேட்கும். ஒருநாள், "இண்டைக்கு நீர் கொஞ்சம் களைச்சுப்போனீர்" என்றார். பாடகர் குழுவில் இருபத்தைந்து பேர் பாட, அதற்குள் என் குரலைப் பிரித்துக் கேட்டிருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்ன மகளிடம் சொன்னேன். "நீங்கள்தானே அம்மா எல்லாரையும்விட உரத்துப் பாடுறது. பிரிக்கத் தேவையில்லை" என்றாள். இந்தப் பெண்ணை நான் மருத்துவம் படிக்க வைத்திருக்கக் கூடாது.

அவர் போன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார். முருங்கைக்காய்க் குழம்பு. சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். நான் பக்கத்தில் இருந்து, சேர்ச்சில் புதிதாக வாங்கிய மின் ஓர்கனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை வாங்கியதில் எனக்குச் சம்மதமில்லை. அதன் சத்தம், அதை வாசிக்கிற பையனின் அவசரம், என்னைக் கேட்காமல் முடிவெடுத்த குருவானவர் என்று விபரமாகச் சொன்னேன். இடையில், "என்ன சொல்லுறியள்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவர் பதில் சொல்லாதது எனக்குப் புதிதல்ல. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போவதுதான் என் வழக்கம். போனேன். அடுத்த ஞாயிறு எழுந்து நின்று என்ன கேட்கப் போகிறேன் என்பதையும் அவருக்குச் சொன்னேன். தேநீர் போட்டுக்கொண்டு வந்து, "ஆறப்போகுது" என்று கையைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

எப்போது போனார் என்று மகள் கேட்டாள். மருத்துவர் அல்லவா. ஓர்கனுக்கு முன்னாலா, குருவானவருக்குப் பின்னாலா என்று என்னால் சொல்லமுடியவில்லை. என் பேச்சின் நடுவில் எங்கோ அவர் எழுந்து போயிருக்கிறார். எந்த இடத்தில் என்பது தெரியாதது எனக்கு முதலில் பெரிய வேதனையாக இருந்தது. பிறகு யோசித்தேன். ஐம்பது வருடமாக அவர் தூங்கியதெல்லாம் அந்தப் பேச்சுச் சத்தத்தில்தான். பழகாத சத்தம் ஒன்றும் இல்லை.

சைவ முறைப்படிதான் எல்லாம். மூத்தவளால் கனடாவிலிருந்து வரமுடியவில்லை; பையன் லண்டனிலிருந்து வரும்வரை உடலை வைத்திருந்தோம். எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. அவர் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலைவரை போய்த் திரும்பிவிடுவார்கள். நான் போவது என்று முடிவெடுத்தேன். யார் மறிப்பார்கள், என்ன சொல்லி மறிப்பார்கள், அதற்கு நான் என்ன சொல்வது என்று அந்த மூன்று நாளும் வாதங்களை அடுக்கிக்கொண்டே இருந்தேன். அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. என் மதத்தில் போகலாம் என்பது முதலாவது வாதம். இந்துக்களிலேயே இப்போது போகிறார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது வாதம் கொஞ்சம் கடுமையானது, இங்கே எழுதமுடியாது.

அவருடைய அண்ணன் மகன் அச்சுவேலியிலிருந்து வந்து எல்லாவற்றையும் முன்நின்று செய்தார். அறுபது வயதான தோட்டக்காரர். பாடையைத் தூக்குகிற நேரம் நான் முற்றத்துக்கு இறங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "நான் சுடலைக்கு வாறன்."

"ஓம் சித்தி. வான் ஒண்டு பிடிச்சு விட்டிருக்கு. முன் சீற்றிலை ஏறுங்கோ."

"பொம்பிளையள் வாறேல்லையெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

"ஒருத்தரும் சொல்லேல்லையே, சித்தி."

"சொன்னால் என்னட்டைப் பதில் இருக்கு."

"இருக்குமெண்டு சித்தப்பாவும் சொன்னவர்" என்றார் அவர், துவாயால் முகத்தைத் துடைத்தபடி. "போன பொங்கலுக்கு வந்தபோதே எங்கடை பெரியாக்கள் எல்லாரோடையும் கதைச்சுச் சரிப்பண்ணிப் போட்டார். 'உன்ரை சித்தி கட்டாயம் வருவா. மறிச்சால் விடியும்வரை வாதாடுவா. நிழலிலை ஒரு கதிரை போட்டுக் குடிக்கத் தண்ணி வைச்சுவிடு' எண்டவர்."

நான் மூன்று நாள் தயாரித்த வழக்கு, விசாரணைக்கே எடுக்காமல் முடிந்துபோனது. என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, மகள் வந்து என் தோளைப் பிடித்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தால் நிற்குமா? வான் முன் சீற்றில் இருந்து வழி நெடுக அழுதேன். சாரதிப் பையன் பயந்துபோய் மெதுவாக ஓட்டினான்.

சுடலையில் சொன்னபடியே கதிரை இருந்தது. தண்ணீர்ப் போத்தலும் இருந்தது. ஓதுவார் திருமுறை பாடினார். பாவம், அவருக்கும் வயது. மேல் சுருதிக்குப் போனபோது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. சங்கீதம் படிப்பித்தவளுக்கு அந்த இடத்திலும் அது காதில் பட்டது. இதைச் சொல்லவேண்டுமே என்று இடது பக்கம் திரும்பினேன். எங்கு போனாலும் அவர் எனக்கு இடது பக்கம்தான் இருப்பார். அந்தப் பக்கம் பனை வடலி ஒன்று நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முன்னால் திரும்பினேன். பையன் கொள்ளி வைத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தலை முழுகியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அச்சுவேலிப் பெண்கள் பெரிய சட்டியில் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்து இடியப்பம் அவித்திருந்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்காது, வற்புறுத்த வேண்டாம் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ஒருவரும் வற்புறுத்தவில்லை. ஒரு பெண் மட்டும் தட்டை என் மடியில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். சொதி மணத்தது. மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்றைப் பிய்த்தேன். பிறகு இன்னொன்று. தட்டு காலியானபோது நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளைகள் இருவரும் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு தட்டை நீட்டி, இன்னும் இரண்டு கொண்டுவரச் சொன்னேன்.